திவான் தந்த படிப்பினை

பொருளை ஈட்டுவது அரிது. ஈட்டியதை உரியவர்க்கு உரியவாறு சேர்ப்பிப்பது அதனினும் அரிது. இவ்வுண்மையைப் பேரளவில் எதிர்கொண்டவர்கள் இரண்டாம் கலீஃபா ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களாவர்.

பஹ்ரைனிலிருந்து ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் 5 இலட்சம் திர்ஹம்களைக் கொணர்ந்தபோது, அத்தொகையை நம்பவியலாது கலீஃபா மீண்டும் வினவினார்கள் என்பர். அதனைப் பங்கிடும் வழி ஆராயப்பட்டபோது தோன்றியதே 'திவான்' என்னும் பதிவேடு. அது ஹிஜ்ரி 15இல் என்பாரும் 20இல் என்பாரும் உளர். பத்ருப் போரில் பங்குகொண்டார்க்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம் விதிக்கப்பட்டது. முதல் முஹாஜிர்களுக்கு 4,000 வழங்கிய கலீஃபா, தம் மகனார்க்கு 3,500 மட்டுமே அளித்தார்கள். பெற்றோர் அழைத்துவர ஹிஜ்ரத் செய்தவர், தாமே புறப்பட்டு வந்தவர்க்கு நிகராகார் என்பது அவர்கள் கூறிய காரணம்.

ஆயினும் திவானை ஏற்படுத்தியதினும், ஏற்படுத்தியதைச் சோதித்துத் திருத்தியதே பெருஞ்சிறப்பாகும்.

தானியப் படி எவ்வளவு வேண்டும் என்பதை அவர்கள் ஊகித்து விதிக்கவில்லை. ஒரு ஜரீபு தானியத்தை ரொட்டியாக்கி 30 பேருக்குப் பகலுணவு அளித்தார்கள்; மாலையிலும் அவ்வாறே செய்தார்கள். அனைவரும் வயிறார உண்டனர். 30 பேருக்கு ஒரு நாளைக்கு 2 ஜரீபு எனின், ஒருவர்க்கு ஒரு மாதத்திற்கும் அதுவே என்று கணக்கிட்டு விதித்தார்கள். பலாதுரீ இதனைப் பதிந்துள்ளார்.

இப்னு ஸஅத் கூறும் நிகழ்ச்சியோ உள்ளத்தை உருக்குவது. பால்குடி மறந்த குழந்தைக்கே உதவித்தொகை என்பது முதல் விதி. ஓரிரவு, மதீனாவில் வந்து தங்கிய வணிகக் கூட்டத்திற்குக் காவலிருந்த கலீஃபா, ஒரு குழந்தை ஓயாது அழுவதைக் கேட்டார்கள். தம்முடன் பேசுபவர் யாரென அறியாத தாய், உமர் பால் மறந்த பிள்ளைக்கே தொகை தருவதால் காலத்திற்கு முன்பே பால் மறக்கச் செய்வதாகக் கூறினாள். அன்று ஸுப்ஹுத் தொழுகையில் அழுகையால் அவர்கள் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டென உடனே பறைசாற்றி, மாகாணங்களுக்கும் எழுதினார்கள்.

விதியின் நோக்கம் நன்று. விளைவோ பச்சிளங்குழந்தையின் பசி. ஏட்டைப் புரட்டியிருந்தால் இது புலப்பட்டிராது. கொடுத்த தொகையைக் கூறும் ஏடு, அத்தொகை இல்லத்தினுள் என் செய்தது என்பதைக் கூறாது.

முந்துரிமைக்கேற்ப ஏற்றத்தாழ்வாக வழங்கிய முறையையும் தம் இறுதிக் காலத்தில் மறுஆய்வு செய்தார்கள். ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் சமமாகவே பங்கிட்டிருந்தார்கள். தாம் உயிரோடிருந்தால் அனைவரையும் சமமாக்குவதாக உமர் (ரலி) அவர்களும் கூறினார்கள் என்பது அறிவிப்பு. ஹிஜ்ரி 23இல் ஷஹீதானமையால் அது நிறைவேறவில்லை.

ஊர்தோறும் பைத்துல்மால்களும் கல்வி உதவி நிதிகளும் தோன்றிவரும் இந்நாளில், வரவு செலவுக் கணக்கைச் சரிபார்ப்பதோடு நம் பொறுப்பு தீர்ந்ததெனக் கருதுகிறோம். கணக்கு சரியாயிருப்பது அமானிதத்தின் முதற்படி. பெற்றவர் வாசல்வரை சென்று, நம் விதியால் அங்கே அழுகை அடங்கியதா, எழுந்ததா என்று கேட்டறிவதே அதன் அடுத்த படியாகும்.