முந்தியவர் யார்?

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள் காலை. சுபுஹுத் தொழுகை முடித்து வந்து தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்தோம். பிரேசில் நாட்டின் ரியோ நகரில் அப்போது முந்திய நாளின் இரவு. ஒலிம்பிக் நீச்சற் குளத்தில் ஆடவருக்கான 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலின் இறுதிப் போட்டி தொடங்கவிருந்தது. அரபும் தமிழும் ஓதிக்கொடுக்கும் ஆசிரியருக்கு நீச்சற் போட்டியில் என்ன வேலை என வாசக அன்பர்கள் வினவலாம். ஆற்றங்கரை ஊரில் பிறந்து, நடை பழகிய சூட்டோடு நீச்சலும் பழகியவர்கள் நாம். நீரில் எவர் பாய்ந்தாலும் நம் கண் அங்கே சென்றுவிடுகிறது. ஐம்பதைக் கடந்தும் அந்த ஆசை தீர்ந்தபாடில்லை.

சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 50.39 விநாடியில் சுவரைத் தொட்டார். அந்நாடு ஒலிம்பிக்கில் பெற்ற முதல் தங்கம் அது. ஆயினும் நம்மை வியப்பில் ஆழ்த்தியது அவருக்குப் பின்னே நிகழ்ந்ததுதான். அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ், தென்னாப்பிரிக்காவின் சாட் லெ குலோஸ், ஹங்கேரியின் லாஸ்லோ செஹ் ஆகிய மூவரின் பெயருக்கு எதிரேயும் 51.14 என்னும் ஒரே எண் ஒளிர்ந்தது! மூவருக்கும் வெள்ளி; வெண்கலம் எவருக்கும் இல்லை. அதற்கு முந்திய இரவுதான் மகளிர் 100 மீட்டர் போட்டியில் அமெரிக்காவின் சிமோன் மானுவெலும் கனடாவின் பென்னி ஒலெக்சியாக்கும் 52.70 விநாடியில் ஒன்றாகத் தொட்டுத் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தனர்.

"வாப்பா, இவ்வளவு நுட்பமான கருவியெல்லாம் வந்த பிறகும் மூன்று பேரைப் பிரிக்க முடியவில்லையா?" என்று அருகிலிருந்த நம் மகன் கேட்டான். முடியாமல் விட்டதன்று, முடிந்தும் விட்டுவிட்டார்கள். அதன் பின்னே அறிந்துகொள்ளத்தக்க வரலாறு ஒன்று உண்டு.

அரபு மொழியில் போட்டிக்கு 'முஸாபகா' என்று பெயர். முந்துதல் என்னும் பொருளுடைய 'ஸபக' என்ற வேரிலிருந்து பிறந்த சொல் அது. போட்டி என்றாலே 'முந்தியவர் யார்?' என்ற கேள்விதான் என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது. கேள்வி எளிது. விடை சொல்லும் சாட்சி எது என்பதில்தான் சிக்கல்.

நெடுங்காலம் அச்சாட்சி மனிதக் கண்ணாகவே இருந்தது. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஏறத்தாழ ஒரே கணத்தில் சுவரை எட்டினர். தாமே தோற்றதாக எண்ணிய டெவிட், லார்சனுக்கு வாழ்த்தும் கூறினார். முதலிடத்தைப் பார்க்க அமர்த்தப்பட்ட நடுவர் மூவரில் இருவர், டெவிட்டே முதல்வர் என்றனர். இரண்டாமிடத்தைப் பார்க்க அமர்த்தப்பட்ட மூவரில் இருவரும் டெவிட்டின் பெயரையே கூறினர். ஆனால் இரண்டாமவர் என்று! ஆறு சாட்சிகள், மும்மூன்றாகப் பிளந்த சாட்சியம்.

கையில் கடிகாரம் பிடித்தோர் கண்டதோ வேறு. டெவிட்டுக்கு மூன்று கடிகாரங்களும் 55.2 விநாடி காட்டின. லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. எப்படிப் பார்த்தாலும் லார்சனே முந்தியவர். ஆனால் அக்கால விதிப்படி இடத்தை முடிவு செய்வது கண்; கடிகாரம் அதற்குத் துணை மட்டுமே. தலைமை நடுவர் டெவிட்டுக்கே முதலிடம் என்று தீர்ப்பளித்தார். தீர்ப்புக்கு இணங்க லார்சனின் நேரமும் 55.2 எனத் திருத்தி எழுதப்பட்டது. தீர்ப்புக்கு ஏற்பச் சாட்சியத்தை வளைத்தது என்று இதைச் சொன்னால் மிகையாகாது. அமெரிக்கர் செய்த முறையீடுகள் பயன் தரவில்லை. 2023இல் டெவிட்டும் 2024இல் லார்சனும் மறைந்தனர். ஏட்டில் அன்றைய தீர்ப்பு இன்றும் அவ்வாறே நிற்கிறது.

இத்தகைய பூசல்கள் மனிதக் கண்ணின் மீதிருந்த நம்பிக்கையைக் குலைத்தன. நீச்சல் வீரரின் கை அழுத்தியதும் தானே நேரத்தைப் பதிவு செய்யும் தொடுபலகைகள் 1967இல் கனடாவின் வின்னிபெக் நகரில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியிலும், மறு ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் குளத்தின் சுவரில் பொருத்தப்பட்டன. இனிக் குழப்பமே இல்லை என உலகம் நிம்மதியடைந்தது.

அந்த நிம்மதி நெடுநாள் நீடிக்கவில்லை. 1972இல் மியூனிக் நகரில் நால்வகை நீச்சலும் அடங்கிய 400 மீட்டர் மெட்லி போட்டி நடந்தது. சுவீடனின் குன்னர் லார்சனுக்கும் அமெரிக்காவின் டிம் மெக்கீக்கும் 4 நிமிடம் 31.98 விநாடி என ஒரே நேரத்தைப் பலகை காட்டியது. இருவரையும் சமமென்று விட்டிருக்கலாம். ஆனால் கருவியின் உள்ளே மேலும் ஓர் இலக்கம் இருந்தது. அதையும் எடுத்துப் பார்த்தனர். 31.981, 31.983. ஒரு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கில் தங்கம் சுவீடனுக்குச் சென்றது.

அந்த வேகத்தில் அவ்வளவு நேரத்தில் ஒருவர் கடக்கும் தொலைவு சுமார் 3 மில்லிமீட்டர். குளமோ மனிதன் கட்டியது. ஒரு தடத்துக்கும் மற்றொரு தடத்துக்கும் இடையே அதனினும் மிகுந்த நீள வேறுபாட்டை விதியே பொறுத்துக்கொள்கிறது. 400 மீட்டர் போட்டியிலோ அத்தடத்தை எட்டு முறை கடக்க வேண்டும். அப்படியானால் மெக்கீயை வென்றது எதிராளியா, கொத்தனார் பூசிய சாந்தா? இக்கேள்விக்கு விடை இல்லை. ஆகவேதான் விதி திருத்தப்பட்டது. நூறில் ஒரு பங்கு வரை பார்ப்பது. அதற்கப்பால் கருவி காட்டினாலும் பாராதிருப்பது. அங்கே சமமாக நிற்போரைச் சமமென்றே அறிவிப்பது.

1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்க மங்கையர் கேரி ஸ்டைன்சீஃபரும் நான்சி ஹாக்ஸ்ஹெட்டும் 55.92 விநாடியில் ஒன்றாகத் தொட்டனர். ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் இருவருக்குப் பகிரப்பட்டது அதுவே முதல் முறை. மாறாக, 2008இல் பீஜிங்கில் ஃபெல்ப்ஸ் 50.58, செர்பியாவின் மிலோராத் சாவிச் 50.59. நூறில் ஒரு பங்கு அங்கே இருந்தது. செர்பியர் முறையிட்டும், படங்களைப் பரிசீலித்த பின் தீர்ப்பு நிலைத்தது. வேறுபாடு தெரியும் இடத்தில் அதை மறைக்காமையும், தெரியாத இடத்தில் அதைக் கற்பிக்காமையும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே நேர்மை. துலாக்கோலின் முள் நுண்மையானால் மட்டும் போதாது. எடைக்கல்லும் அதே நுண்மையுடன் இருந்தாக வேண்டும்.

இதை மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதே நம் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் பேச்சுப் போட்டியொன்றில் நாம் நடுவராக இருந்தோம். இரு சிறுவர்கள் இணையாகப் பேசினர். பரிசு ஒன்றே இருந்ததால், அரை மதிப்பெண் வேறுபாட்டில் ஒருவனை முதல்வனாக்கினோம். மற்றவன் ஒன்றும் சொல்லாமல் நம் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனான். அரை மதிப்பெண்ணைப் பிரித்தறியும் ஆற்றல் நம் செவிக்கு உண்டா? அன்று நாம் அளந்தது அவன் பேச்சையா, நம் கையிலிருந்த பரிசின் எண்ணிக்கையையா?

அந்தச் சிறுவன் இன்று எங்கிருக்கிறான் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அக்காலைக்குப் பின், போட்டிக்குப் பரிசு நூல் வாங்கும்போதெல்லாம் முதற்பரிசில் ஒரு படி கூடுதலாகவே வாங்கி வைக்கிறோம்.