வேலை கேட்டு நம்ம ஊருக்கு வந்தவர்

ஐந்தாம் வகுப்பில் பகா எண் நடத்தியபோது உங்களுக்கு இதைச் சொல்லவில்லை. எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

1910-இல் கும்பகோணத்து ராமானுஜன் திருக்கோவிலூருக்கு வந்தார். எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், கல்யாணமானவர், வருமானம் இல்லை. இங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ஒரு குமாஸ்தா வேலையாவது கிடைக்குமா என்று கேட்டுத் தன் கணக்கு நோட்டை நீட்டினார் ராமானுஜன். புரட்டிப் பார்த்த ஐயர் வேலை தரவில்லை. இப்பேர்ப்பட்ட மூளையை ரெவின்யூ ஆபீசில் முடக்க மனம் வரவில்லை என்று பிற்பாடு சொன்னார். சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வயிற்றுப்பாட்டுக்காக வந்தவருக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்!

1919-இல் அந்தக் கழகத்தின் இதழில்தான் ராமானுஜனின் இரண்டு பக்கக் கட்டுரை வந்தது. 1-க்கு மேல் எவ்வளவு பெரிய எண்ணை எடுத்தாலும், அதற்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது இருக்கும். செபிஷேவ் முன்பே நிறுவியதுதான். இவர் சுருக்கமாக நிறுவினார். அதோடு விடவில்லை. 11 முதல் எந்த எண்ணுக்கும், அதன் பாதிக்கு மேல் அந்த எண் முடிய இரண்டு பகா எண்ணாவது உண்டு. 17 முதல் மூன்று, 29 முதல் நான்கு, 41 முதல் ஐந்து. 2, 11, 17, 29, 41 என்று போகும் இவற்றுக்கு இன்று ராமானுஜன் பகா எண்கள் என்றே பெயர்.

10-க்கு 7 ஒன்றுதான். 11-க்கு 7, 11. மற்றதைப் பிள்ளைகளை உட்கார வைத்துப் போட்டுப் பாருங்கள்.