பழைய ரயில் கையேடும் எங்கள் சின்னத்தாத்தாவும்



தென்னிந்திய ரயில்வேயின் படங்களோடு கூடிய வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை பழைய மாணவர் ஒருவர் பிடிஎஃப் ஆக அனுப்பியிருந்தார். 1900ஆம் ஆண்டுப் பதிப்பு. அப்புறம் 1926 பதிப்பையும் தேடிப் பிடித்தேன். வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட பாடம் ஒன்று இந்த இரண்டிலும் இருக்கிறது.

முதல் புத்தகத்தின் காலத்தில் கொழும்புக்குப் போகிறவர் சென்னையில் ரயில் ஏறி, மதுரை, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடி போய்க் கப்பல் பிடிக்க வேண்டும். மதுரையிலிருந்து அந்தப் பாதை 1876இல் வந்தது. அன்றைக்கு அதுதான் பிரதான பாதை. மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலிக்குப் போனது கிளைதான். இன்று மணியாச்சியில் இறங்கிப் பாருங்கள், நிலைமை தலைகீழ். ஏன் என்று கேட்டால் பதில் இரண்டாவது புத்தகத்தின் காலத்தில் இருக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பிவிட்டது. ஒரு ராத்திரிக் கடல் பயணம், தலைமன்னாருக்குச் சில மணி நேரமாகச் சுருங்கியது.

ஒவ்வொரு ஊருக்கும் தங்குமிடம், வண்டி வசதி, உள்ளூர்த் தொழில், சந்தை, திருவிழா என்று தலைப்புப் போட்டு எழுதியிருக்கிறார்கள். வேட்டைக்கும் ஒரு தலைப்பு! எங்கே என்ன சுடலாம் என்று துரைமாருக்கு யோசனை. படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் சின்னத்தாத்தா தேயிலைத் தோட்டத்துக்குப் போனதும் இதே தண்டவாளத்தில்தான். தோட்டத் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி, சில நாள் வைத்திருந்துதான் கப்பலேற்றுவார்கள். துரைக்கும் அவருக்கும் ஒரே பாலம், ஒரே கடல். ஆனால் அந்த ஆங்கிலப் புத்தகம் அவரை நினைத்து எழுதியதில்லை. அவருக்கு எழுத்தும் தெரியாது. எங்கள் ஆச்சி சொல்லிக் கேட்டதுதான் அவருக்கான கையேடு. அதை அப்போதே எழுதி வைக்காதது என் தப்பு. வரலாற்று வாத்தியார் என்று பெயர் வேறு!

மாசியில் தனுஷ்கோடி போயிருந்தேன். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது. அந்தப் பாதையை மறுபடி போடவில்லை. பழைய பக்கத்தின் அச்சுப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் இடிபாட்டின் முன்னால் நின்றேன். காற்று பிடுங்கப் பார்த்தது. மீன் விற்ற அம்மா, "என்ன சார், நிலப் பத்திரமா?" என்றார்.

உங்கள் ஊர் ஸ்டேஷன் பக்கம் வேண்டுமென்றால் ஊர்ப் பெயரை எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன். வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.