கிணறு வெட்டப் போன பிள்ளைகள்

சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற பஸ்ஸில் பலருக்குத் தூக்கம் கலைகிற இடம் கீழ்பென்னாத்தூர். செஞ்சிக் கோட்டையை வேடிக்கை பார்த்துவிட்டுக் கண் அசந்தவர்கள் இங்கே விழித்துக்கொண்டு, 'மலை தெரியுதா?' என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அந்த ஊர் பெயரைக் கேட்டால் மலை ஞாபகம் வராது. ஒரு சொம்புதான் ஞாபகம் வரும்.

1980-களின் கடைசி. திருவண்ணாமலை அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, வட ஆற்காட்டோடு இருந்தது. கல்லூரியில் என்.எஸ்.எஸ். முகாம் என்று சொல்லி எங்களை ஐம்பது பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், கீழ்பென்னாத்தூரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமத்தில் இறக்கினார்கள். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயைத் தூர்வார வேண்டும். பத்து நாள். ராத்திரி பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கை. தூரத்தில் மலை உச்சியில் கார்த்திகை தீபம் ஒரு புள்ளியாக எரிந்துகொண்டிருந்தது. பகலில் மண்வெட்டி, ராத்திரி கலை நிகழ்ச்சி. ஊர்ப் பெரியவர்கள் எங்களுக்கு வடை, பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். கையில் கொப்புளம் வந்ததைப் பெருமையாக ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம்.

கால்வாய் ஊரைச் சுற்றிக்கொண்டு காலனிப் பக்கம் போகும். கடைசி நாளுக்கு முந்தின நாள் அந்தப் பக்கம் வேலை. வெயில் என்றால் வெயில். காலனியின் முதல் வீட்டிலிருந்து ஒரு பாட்டி, பளபளவென்று தேய்த்த பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். சற்றுத் தள்ளி வரப்பில் வைத்துவிட்டு, "குடிங்க சாமி, வெயில்ல இன்னாத்துக்கு இம்மாம் கஷ்டம்?" என்றார்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஊர்க்காரர் ஒருவர் கரையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம் பாட்டி, இப்பதான் குடிச்சோம்" என்று சொன்னது நான்தான். பச்சைப் பொய். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கதையை இத்தனை வருஷம் கழித்து ஏன் தோண்டுகிறேன் என்றால், எங்களுக்கு முப்பது வருஷம் முன்னால் இன்னொரு வாத்தியார் இன்னொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இதே மாதிரி ஒரு கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த விவரத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. நடந்தது இந்தியாவில் இல்லை. பக்கத்துத் தீவில். இலங்கையில்.

கொழும்பில் நாலந்தா கல்லூரி என்று ஒரு பௌத்தப் பள்ளி. பெயர்தான் கல்லூரி, படிப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அங்கே ஏ.டி.ஆரியரத்ன என்று ஒரு ஆசிரியர். தென்கோடியில் காலிக்குப் பக்கத்திலுள்ள உனவட்டுனவில் 1931-ல் பிறந்தவர். காலியின் மகிந்த கல்லூரியில் படித்தவர். அந்தப் பள்ளிக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தபோது அங்கே வந்து மாணவர்களிடம் பேசியிருக்கிறார். அதே பயணத்தில் யாழ்ப்பாணத்துக்கும் போனார். அங்கே அவரை அழைத்ததில் முன்னால் நின்றவர்கள் யார் தெரியுமா? மாணவர்கள்! ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் சேர்ந்து 1924-ல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ். அவர்கள் அப்போதே சமபந்தி, சம ஆசனம் என்று பேசி ஊர்ப் பெரியவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஆரியரத்னவுக்கு வருவோம். 1958-ல் அவருக்கு 27 வயது. விடுமுறையில் பிள்ளைகளை எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்ற யோசனை வந்தது. கண்டி, நுவரெலியா என்று போயிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்த இடம் குருநாகல் மாவட்டத்தில் கனத்தொலுவ என்ற குக்கிராமம். டிசம்பரில் 40 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் மண்வெட்டி, கடப்பாரையோடு போய் இறங்கினார்கள்.

கனத்தொலுவவில் இருந்தவர்கள் ரொடியா மக்கள். சிங்களச் சமூகத்தின் ஆகக் கடைசிப் படியில், சொல்லப்போனால் படிக்கட்டுக்கே வெளியில் நிறுத்தப்பட்டவர்கள். 'ரொடி' என்றால் அழுக்கு என்று அர்த்தம். பௌத்தத்தில் சாதி ஏது என்று கேட்பீர்கள். புத்தர் சொன்னதில் இல்லை, ஊரில் இருந்தது. நம்மூரில் வள்ளலார் படத்தை மாட்டிக்கொண்டே ரெட்டை டம்ளர் வைத்த டீக்கடை இல்லையா?

ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1660-ல் கண்டி ராஜாவிடம் பிடிபட்டு, 19 வருஷம் அந்தத் தீவில் கைதியாகக் கிடந்தவர். தப்பிப் போய் 1681-ல் லண்டனில் ஒரு புத்தகம் எழுதினார். (ராபின்சன் குரூசோ எழுதிய டேனியல் டீஃபோ அதைப் படித்துத்தான் பல விஷயங்களைப் பிடித்தார் என்று ஒரு பேச்சு உண்டு.) பிச்சையெடுத்தே பிழைக்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட இந்த மக்களைப் பற்றி நாக்ஸ் எழுதியிருக்கிறார். இவர்களுடைய முன்னோர்கள் அரண்மனைக்கு மான் கறி கொடுத்துவந்த வேட்டைக்காரர்களாம். ஒரு முறை மான் கறிக்குப் பதில் மனிதக் கறியைக் கொடுத்துவிட்டார்களாம். ராஜா கண்டுபிடித்துவிட்டாராம். அன்றிலிருந்து தலைமுறை தலைமுறைக்கும் இந்தத் தண்டனை. ஒரு கூட்டத்தை ஒதுக்கிவைத்த பிறகு அதற்குக் காரணம் சொல்ல ஒரு கதை தேவைப்படும். எல்லா நாட்டிலும் அதற்கென்று ஒரு கதை தயாராக இருக்கிறது.

தண்டனைகளைப் பாருங்கள். வீடு என்று முறையாகக் கட்டக் கூடாது. நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது. திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக நாடார் பெண்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கமும் அதே சட்டம்! இன்னொன்றையும் நாக்ஸ் குறித்திருக்கிறார்: இவர்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கூடாது. ஆற்றிலோ குழியிலோ மொண்டுகொள்ள வேண்டியதுதான்.

அவர் இதை எழுதி 277 வருஷம் கழித்து, கொழும்புப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த மக்களின் கிராமத்துக்குப் போய் என்ன வேலை செய்தார்கள் தெரியுமா? கிணறு வெட்டினார்கள்.

கழிப்பறை கட்டினார்கள். தோட்டம் போட்டார்கள். இரண்டு வாரத்தில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்? மண் வேலை என்று பார்த்தால் எங்கள் கால்வாய் வேலையைவிட அது ரொம்பப் பெரிதாக இருந்திருக்காது. பெரிய விஷயம் வேறு. பிள்ளைகள் ரொடியாக் குடும்பங்களோடு அவர்கள் இடத்திலேயே தங்கினார்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார்கள். கொழும்பில் நல்ல வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் பலர். வீட்டுக்குத் திரும்பியபோது பாட்டிமார்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கு 'சிரமதானம்' என்று பெயர். நம் சொல்தான், வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் அடிபட்ட சொல். ஆரியரத்ன இந்தியாவுக்கு வந்து வினோபாவின் வேலைகளை நேரில் பார்த்திருக்கிறார். இயக்கத்துக்கு வைத்துக்கொண்ட 'சர்வோதயம்' என்ற பெயர் காந்தியுடையது. ரஸ்கினின் நூலை 1908-ல் குஜராத்தியில் சுருக்கி எழுதியபோது காந்தி கொடுத்த பெயர். காந்திக்கு அது எல்லோருடைய உயர்வு. ஆரியரத்ன அதைப் பௌத்தக் கண்ணால் பார்த்து எல்லோருடைய விழிப்பு என்று ஆக்கிக்கொண்டார்.

சிரமதான முகாம்களில் ஒரு வழக்கம் வந்தது. எல்லோரும் தினமும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். 'குடும்பக் கூடல்' என்று பெயர். அதில் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, உறவு சொல்லித்தான். அம்மா, அக்கா, மல்லி, நங்கி. மல்லி என்றால் தம்பி, நங்கி என்றால் தங்கை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் சிங்களத்திலும் அதே சொல்தான். இரண்டு மொழிக்காரர்களும் இந்தச் சொற்களைப் பொதுவில் வைத்துக்கொண்டே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

வேறு விஷயமா? இல்லை, இங்கேதான் சொல்ல வேண்டும். 1958 என்ற வருஷத்தை இலங்கைத் தமிழர்கள் கனத்தொலுவவுக்காக ஞாபகம் வைத்திருக்கவில்லை. முகாமுக்கு ஆறேழு மாதம் முன்னால், மே மாதக் கடைசியில், தீவு முழுக்கத் தமிழர்களைத் தேடித் தேடி அடித்த கலவரம். கொழும்பில் அகதி முகாம்களில் அடைந்து கிடந்தவர்களைக் கப்பல் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அந்த வருஷ டிசம்பரில்தான் இந்தப் பிள்ளைகள் மண்வெட்டியோடு கிளம்பியது. சிங்களவரும் சிங்களவரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதற்கே இவ்வளவு பாடு என்றால், மற்றதை என்ன சொல்ல?

ஆரியரத்னவைப் புனிதராக்க நான் வரவில்லை. அவருடைய இயக்கம் சிங்கள பௌத்தச் சாயலோடுதான் வளர்ந்தது என்ற குற்றச்சாட்டு உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் 1983 ஜூலைக் கலவரத்தில் சர்வோதயம் தமிழ் அகதிகளுக்கு முகாம் நடத்தியது. அந்த வருஷக் கடைசியில் கதிர்காமத்திலிருந்து நாகதீபம் வரைக்கும், அதாவது தெற்கு மூலையிலிருந்து நம் நயினாதீவு வரைக்கும், ஒரு சமாதான நடைப்பயணம் கிளம்பினார். ஜனாதிபதி ஜெயவர்தன கேட்டுக்கொண்டதால் பாதியில் நிறுத்தினார். நடந்தே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிறகு பிரேமதாச காலத்தில் அரசாங்கமே அவர்மேல் பாய்ந்தது. 1969-ல் மகசேசே விருது, 1996-ல் இந்தியாவின் காந்தி அமைதிப் பரிசு என்று பெற்றவர், 2024 ஏப்ரலில் 92 வயதில் காலமானார். ஆயிரக்கணக்கான கிராமங்களில் அவருடைய இயக்கம் கால்பதித்தது. ஆனால் ரொடியா என்ற வசை இன்றும் சிங்களத்தில் செத்துப்போகவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மண் வெட்ட வைப்பது ஆரியரத்னவின் கண்டுபிடிப்பும் இல்லை. பியேர் செரெசோல் என்ற சுவிஸ் எஞ்ஜினீயர், முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1920-ல் பிரான்ஸில் வெர்டூன் அருகே எஸ்ன் என்ற இடிந்த கிராமத்துக்குப் பல நாட்டுத் தொண்டர்களோடு போனார். அதில் ஜெர்மன்காரர்களும் இருந்தார்கள். தங்கள் வீட்டை இடித்த நாட்டுக்காரன் கையால் வீடு கட்டிக்கொள்ளக் கிராமத்துக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. சில மாதங்களில் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. அதே செரெசோல் 1934 பீகார் பூகம்பத்துக்குப் பிறகு இங்கேயும் வந்து வேலை செய்தார். யாரை நம் வீட்டுக்குள் விடுவது, யார் கை பட்டதைச் சாப்பிடுவது என்ற கேள்வி எங்கே போனாலும் கூடவே வருகிறது.

நம் நாட்டில் என்.எஸ்.எஸ். தொடங்கியது 1969 செப்டம்பர் 24. காந்தி நூற்றாண்டு. 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். அப்புறம் அது லட்சக்கணக்கில் பெருகி, என்னையும் லாரியில் ஏற்றியது.

இப்போது காலம் மாறிவிட்டது. பாலி, இலங்கை என்று தீவுகளுக்கே போய்த் தொண்டு செய்ய மாணவர்களுக்கு 'பேக்கேஜ்' இருக்கிறது. காலையில் பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட், சாயங்காலம் கடற்கரை, ராத்திரி உள்ளூர் நடனம். கேலிக்குச் சொல்லவில்லை, போகிற பிள்ளைகளின் மனசு நல்ல மனசுதான். ஆனால் கம்போடியாவில் இப்படி வருகிறவர்களுக்காகவே அநாதை இல்லங்கள் பெருகி, அதிலிருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தது பின்னால் தெரிந்தது. பெற்றோர் இருக்கிற பிள்ளையை அநாதையாக்கிக் காட்டினால்தானே தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு வேலை?

அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நாங்கள் கடல் தாண்டவில்லை. ஒரு வரப்பைத் தாண்டவில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போனேன். கால்வாய் முழுக்க வேலிக்கருவை. காலனியில் எல்லாம் கான்கிரீட் வீடுகள் ஆகிவிட்டன. பாட்டி இருந்த முதல் வீடு எது என்று தெரியவில்லை. முதலில் வந்த வாசலில் நின்றேன். முப்பது வயசுப் பெண் ஒருவர் எட்டிப் பார்த்து, "யாருங்க வேணும்?" என்றார்.

"யாரும் இல்லம்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

என் செருப்பையும் சட்டையையும் பார்த்தார். "இருங்க சார், கேன் தண்ணி பக்கத்துக் கடையில இருக்கு, பையன வாங்கியாரச் சொல்றேன்" என்றார்.

"வீட்டுத் தண்ணியே குடும்மா."

"போர் தண்ணி சார், உங்களுக்கு ஒத்துக்குமோ என்னமோ" என்று தயங்கிக்கொண்டே உள்ளே போய், எவர்சில்வர் சொம்பில் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கொஞ்சம் உப்புக் கரித்தது. இன்னொரு சொம்பு கேட்டேன்.