பேரியம் தடையும் கரிசல் காட்டுக் கூலியும்

சிவகாசி வட்டாரத்தின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களுக்கு வறண்ட வானமும் நாடார் வணிகர்களின் முனைப்பும் காரணம் என்று சொல்வது வழக்கம். இரண்டும் உண்மைதான். மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அது அரசின் விதி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி 1923ல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அயல்நாட்டுத் தீப்பெட்டிகள் மீதான இறக்குமதி வரி உயர்த்தப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் இறக்குமதிப் பட்டாசை நிறுத்தியது. 1940ன் வெடிபொருள் விதிகள் உரிமம் பெற்ற உள்நாட்டு ஆலைக்கு இடம் வகுத்தன. பிறகு வந்த கலால் வரிச் சலுகைகள் கைவேலைச் சிறு ஆலைகளுக்குச் சாதகமாக இருந்ததால், பெரிய ஆலையாக வளர்வதைவிடச் சிறு ஆலைகளாகப் பிரிந்து நிற்பதே லாபமாயிற்று. தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் விவசாயக் கூலி ஆலைக் கூலியாக மாறியது இப்படித்தான். விதியால் உண்டான வேலையை இன்னொரு விதி மாற்றும்போது, அந்த வேலையைச் செய்தவர்கள் என்ன ஆவார்கள் என்பதற்கும் விதியிலேயே இடம் வேண்டும். 2018க்குப் பிந்தைய பசுமைப் பட்டாசுக் கொள்கையில் அந்த இடம் காலியாக இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தூய்மைக்கான விதிகள் இந்தத் தொழிலுக்குப் புதியவை அல்ல. தொழிலாளர்களின் தாடை எலும்பை அரித்த வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. சிவகாசித் தொழில் அதற்குப் பின் பிறந்ததால் அந்தத் தடையால் இங்கே யாரும் வேலை இழக்கவில்லை. குளோரேட்டுடன் கந்தகம் கலப்பதற்கு வந்த தடையும், 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று 1999ல் விதித்த ஒலி வரம்பும் மருந்துக் கலவையை மாற்றின. வேறு கலவை கையில் இருந்தது. குழாய் சுருட்டுவதும் திரி சொருகுவதும் பழையபடி நடந்தன. 2018 அக்டோபர் 23 தீர்ப்பு வேறு வகை. டெல்லியின் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் 2015ல் தொடுத்த அர்ஜுன் கோபால் வழக்கில், பேரியம் உப்புகளையும் சரவெடியையும் உச்ச நீதிமன்றம் தடுத்தது. தீபாவளி இரவில் வெடிக்க இரண்டு மணி நேரம் மட்டும் ஒதுக்கியது. பேரியம் நைட்ரேட் இல்லாமல் கம்பி மத்தாப்பு, பூச்சட்டி, சக்கரம் ஆகியவற்றின் பழைய கலவை எதுவும் நிற்காது. மாற்றாகச் சொல்லப்பட்ட ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் ஈரத்தை இழுக்கும், விலையும் கூடுதல்.

சரவெடித் தடையை நாளிதழ்கள் ஒரு வரியில் கடந்து போயின. வேலைக் கணக்கில் பேரியத்தைவிட அதுவே பெரிது என்று நினைக்கிறேன். சரம் பின்னும் வேலையை எந்திரம் எடுத்துக்கொள்ளவில்லை. சிறு வெடிகளைத் திரியோடு திரி கோத்துக் கையால்தான் பின்ன வேண்டும், செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், எண்ணிக்கைக்குக் கூலி. ஒரே மதிப்புள்ள பேன்சி ரகப் பட்டாசோடு ஒப்பிட்டால் சரத்தில் கைகள் அதிகம், மருந்து குறைவு. ஆக, ரூபாய்க்கு அதிக வேலை தந்த சரக்கே முதலில் போயிற்று. 2018 நவம்பரில் உற்பத்தியாளர்கள் ஆலைகளை மூடினார்கள். கதவடைப்பு மாதக்கணக்கில் நீடித்தது. 2019ல் மத்திய அரசின் நீரி நிறுவனம் புகை ஏறத்தாழ 30 சதவீதம் குறைவான ‘பசுமைப் பட்டாசு’க் கலவைகளை வெளியிட்டது. ஆலைகள் திறந்தன. விற்பனை மீண்டுவிட்டது என்று உற்பத்தியாளர் தரப்பே இன்று சொல்கிறது. விற்பனைத் தொகை மீள்வதும் வேலை நாள் மீள்வதும் ஒன்றல்ல. விலை ஏறினாலே தொகை ஏறும்; எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கு அதில் பங்கில்லை.

சரத்துக்கான தேவை மட்டும் அழியவில்லை. வடமாநில வியாபாரி சரம் கேட்டால் யாராவது பின்னித்தான் தருவார்கள். உரிமம் பெற்ற ஆலையில் நான்கு பேருக்கு ஓர் அறை என்றும், அறைக்கும் அறைக்கும் இடைவெளி என்றும் விதிகள் உண்டு. வீட்டுக் கொட்டகையில் அவை எதுவும் இல்லை. 2021 ஜூனில் தாயில்பட்டியில் ஒரு வீட்டில் பட்டாசு செய்தபோது வெடித்து, ஒரு சிறுவன் உட்பட மூவர் இறந்தனர். அதே ஆண்டு பிப்ரவரியில் அச்சங்குளம் ஆலை விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, ஒருவர் பெயரில் இருந்த உரிமத்தின் கீழ் பலர் உள்குத்தகைக்கு எடுத்து அறை அறையாக உற்பத்தி செய்தது வெளிவந்தது. இந்தச் சாவுகளுக்குப் பசுமை விதியே காரணம் என்றால் மறுப்பு உடனே வரும்: 38 பேரைப் பலிகொண்ட முதலிப்பட்டி விபத்து 2012ல் நடந்ததே? சரிதான். உள்குத்தகையும் வீட்டு வேலையும் தீர்ப்புக்கு முந்தியவை. நான் சொல்ல வருவது இதைவிடக் குறுகலானது. உரிமம் தரும் அலுவலகத்தின் பெயரால் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று அடுக்கடுக்காக நிற்கும் ஒரு தொழிலில், புதிய கலவைக்கும் சோதனைக்கும் செலவு செய்ய முடிந்தவர்கள் மேலடுக்கில் இருந்தார்கள். செலவு கீழே தள்ளப்பட்டது. எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது, எந்த லைசென்ஸும் இல்லாத வீடு.

பேரியம் தடை தவறு என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. பேரியம் உப்பை ஆண்டு முழுக்கக் கையாண்டு சுவாசிப்பவர் தொழிலாளிதான்; டெல்லிவாசி அதைச் சுவாசிப்பது சில இரவுகளில். தடையால் முதலில் நன்மை பெற வேண்டியவர் மருந்து கலக்கும் ஆள். இன்னொரு எதிர்வாதம் கனமானது: நீதிமன்றம் காற்றைக் காக்கத்தான் உத்தரவிட முடியும், வேலை தருவது அதன் பணியல்ல. 2019 மார்ச்சில் நீதிபதி பாப்டே அமர்வு வேலையிழப்பை உண்டாக்க விரும்பவில்லை என்றது. 2021ல் வேறோர் அமர்வு, வேலைவாய்ப்பைக் காட்டிப் பிறர் உயிர் வாழும் உரிமையில் கைவைக்க முடியாது என்றது. இரண்டு கூற்றிலும் வேலை தடைக்கு எதிர்த்தட்டில் வைக்கும் எடைக்கல்லாக மட்டுமே வருகிறது. இதே உச்ச நீதிமன்றம் இதே சிவகாசியைப் பற்றி ஒருமுறை வேறுவிதமாக யோசித்திருக்கிறது. 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி.மேத்தா வழக்கில் குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்க உத்தரவிட்டபோது, ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்த்து நிதியில் இட வேண்டும் என்றது. அது முழுமையாக நிறைவேறவில்லை என்பது வேறு கதை. ஆனால் ஒரு தீமையை நீக்கினால் அந்தக் குடும்பத்தின் அடுப்புக்கு என்ன வழி என்ற கேள்வி அந்தத் தீர்ப்புக்குள்ளேயே இருந்தது. 22 ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பில் வேதிப்பொருள்களின் பட்டியல் விரிவாக இருக்கிறது. அந்தக் கேள்வி இல்லை.

தூய்மைப் பொருளாதாரமே மாற்று வேலை தரும் என்று சொல்வோர் பக்கத்து மாவட்டத்தைப் பார்க்கலாம். பட்டாசைக் காயவைக்க உதவிய அதே வெயில்தான் இராமநாதபுரம் மாவட்டம் கமுதிக்கு 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைக் கொண்டுவந்தது. 2016ல் முடிந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய சூரிய மின் நிலையங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது; மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7.01 ரூபாய் விலை நிர்ணயமாகியிருந்தது. கட்டுமான மாதங்களில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை. அதன்பின் தகடுகளைத் துடைப்பதற்கும் ரோபோ வந்தது. சுமார் 2,500 ஏக்கர் நிலம் மின்சாரம் தருகிறது, ஊருக்குத் தினக்கூலி தரவில்லை. இது சூரிய ஆற்றலின் குற்றமல்ல, அதன் இயல்பு. முதலீடு கனம், ஆள் குறைவு. பட்டாசு இதற்கு நேர் எதிர். சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்திலேயே இ.குமாரலிங்கபுரத்தில் அறிவிக்கப்பட்ட பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்கா கைகள் தேவைப்படும் தொழில் என்பதால் அதில் நம்பிக்கை வைக்க இடமுண்டு. ஆனால் தையல் எந்திரத்தில் உட்கார இளவயதுக்காரர்களைத்தான் எடுப்பார்கள்; இருபது வருடம் சரம் பின்னிய ஐம்பது வயதுப் பெண்ணை எந்தப் பூங்காவும் தேடி வராது.

பணம் இல்லை என்ற காரணமும் முழுமையாகப் பொருந்தாது. பட்டாசு மீது 18 சதவீத ஜிஎஸ்டி வசூலாகிறது. அதில் ஒரு பகுதியை இழந்த வேலை நாளுக்கான ஈட்டுத்தொகையாகவும், குறைந்த மருந்தில் நிறைய கைவேலை கொண்ட ரகங்களை உருவாக்க ஆனைக்குட்டம் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையத்துக்கும் திருப்பியிருக்கலாம். அந்த மையமும் நீரியும் இதுவரை புகையையும் ஒலியையும் அளக்கின்றன; ஒரு கலவை எத்தனை ஆள் நாள் வேலை தரும் என்பது சோதனைப் படிவத்தில் ஒரு கட்டமாகக்கூட இல்லை. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் தமிழ்நாட்டில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அதில் பதிவு செய்யத் தான் செய்யும் தொழிலை வெளியே சொல்ல வேண்டும். வீட்டில் சரம் பின்னுபவர் அதைச் சொன்னால் வழக்கில் சிக்குவார். சொல்லாவிட்டால் நல உதவிக் கணக்கில் வரமாட்டார். 2018க்குப் பின் ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்த வேலை எவ்வளவு என்று எந்த அரசு ஆவணத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாததற்கு இதுவே காரணம்.