‘வரும்’ என்பதும் ‘தருவோம்’ என்பதும்: தமிழ் மென்பொருளும் காத்திருந்தோர் நம்பிக்கையும்



மொழியியல் படித்தவன் மென்பொருள் நிறுவனங்களைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பைத் தரலாம். சிறு நிறுவனம் ஒன்று ஒரு வசதியைத் தருவதாகச் சொல்லிப் பணம் பெறுகிறது. சொன்ன காலத்தில் அது வரவில்லை. அப்போது வாங்கியவரின் நம்பிக்கை எதனால் நிலைக்கிறது, எதனால் கெடுகிறது? இந்த வினா வணிகத்தோடு முடிவதில்லை. பேசுவோர் தொகை குறைந்த இடங்களில் ஒரு மொழியின் கருவிகளைச் செய்வோர் பெரும்பாலும் சிறு நிறுவனத்தாரும் தனி ஆர்வலருமே. அவர்கள்மேல் வைக்கும் நம்பிக்கை குலைந்தால் ஆசிரியர் தமிழில் தட்டச்சு செய்வதையே விட்டுவிடுகிறார். இதை நான் இந்த ஜார்ஜ் டவுன் நகரிலேயே கண்டிருக்கிறேன்.

1. ஒரு விளம்பரத் தாளின் வினைமுற்று

1998ஆம் ஆண்டு. மலேசியத் தமிழர் பேச்சில் கலந்துள்ள மலாய்ச் சொற்களை நானும் என் மாணவர் சிலரும் தொகுத்துக்கொண்டிருந்தோம். அட்டைகளில் எழுதியவற்றைக் கணினியில் ஏற்ற விரும்பினோம். இந்நகரில் மூன்று இளைஞர் நடத்திய ஒரு சிறு நிறுவனம் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் விற்றது. அதன் பெயர் இங்கே வேண்டா. நானும் நண்பர்களான ஆசிரியர்களுமாகப் பன்னிரண்டு பேர் வாங்கினோம். வாங்கத் தூண்டியது விளம்பரத் தாளின் கடைசி வரி: அகரவரிசைப்படுத்தும் வசதி விரைவில் வரும்.

‘வரும்’ என்னும் அந்தச் சொல்லை நான் பின்னாளில் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு வினைமுற்று படர்க்கைப் பலர்பாலுக்கும் முன்னிலைக்கும் தன்மைக்கும் வாராது என்பது தொல்காப்பியர் விதி. நன்னூலாரும் அதையே சொல்வார். எனவே ‘வரும்’ என்று எழுதிய வாக்கியத்தில் ‘நான்’, ‘நாங்கள்’ என்ற எழுவாய்க்கு இடமே இல்லை. மழை வரும், பேருந்து வரும் என்பதுபோல வசதியும் தானே வரும். ‘தருவோம்’ என்று எழுதினால் கதை வேறு. அதன் ‘ஓம்’ விகுதி ஒரு பொறுப்பாளரை வாக்கியத்துக்குள் நிறுத்திவிடுகிறது. யாரிடம் போய்க் கேட்பது என்பது நமக்குத் தெரிகிறது.

இலக்கண வடிவத்தைக்கொண்டு ஒருவரின் நேர்மையை அளந்துவிட முடியாது என்பதை நான் அறிவேன். ‘தருவோம்’ என்று எழுதி ஏமாற்றியவரும் உண்டு. ஆயினும் எங்கள் காத்திருப்பின் முதல் ஓராண்டில் அந்த ‘வரும்’ மட்டுமே எங்களிடம் இருந்தது. தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று; தொலைபேசியில் அழைத்தால் எடுப்பார் இல்லை.

2. முன்பணமும் நெடுங்காத்திருப்பும்

வராத பொருளுக்கு முன்கூட்டியே இசைவு தருவது நமக்குப் புதிதன்று. தமிழ் அச்சு வரலாற்றின் ஒரு பெரும்பகுதி அப்படித்தான் நடந்தது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியை அச்சிடும் செலவுக்குத் தம் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்க முடியவில்லை. நூலை வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் பெற்றே அவர் அப்பணியில் இறங்கினார். சேலம் இராமசுவாமி முதலியார் அந்நூலை அவருக்கு எடுத்துக்காட்டியது 1880இல். நூல் வெளிவந்தது 1887இல். கையொப்பமிட்டவர்கள் நம்பியது ஒரு நிறுவனத்தையன்று. கும்பகோணத்தில் எந்த நாளும் சென்று பார்க்கக்கூடிய ஓர் ஆசிரியரை.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இன்னும் நெடிய காத்திருப்பு. சாண்ட்லர் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக்கொண்டு 1913இல் பணி தொடங்கியது. முதலில் மதிப்பிட்ட செலவு 1,00,000 ரூபாய். முடிந்தபோது ஆகியிருந்த செலவு 4,10,000 ரூபாய். சாண்ட்லர் ஓய்வுபெற்றார், பொறுப்பு கைமாறி 1926இல் எஸ். வையாபுரிப் பிள்ளையிடம் வந்தது. இத்தனை மதிப்பீட்டுப் பிழைக்குப் பின்னும் புலமையுலகம் அவ்வகராதியை ஏன் கைவிடவில்லை? 1924 முதல் அது பகுதி பகுதியாக வெளிவந்துகொண்டிருந்தது முதற்காரணம். முழு நூல் கைக்கு வராவிடினும் வந்த பகுதியைப் பயன்படுத்தலாம்; அதன் தரத்தைக்கொண்டு வரப்போவதை மதிப்பிடலாம். 1936இல் ஆறு தொகுதிகளும் நிறைவெய்தின. 1939இல் அநுபந்தமும் வந்தது.

ஆங்கிலத்தின் ஆக்ஸ்போர்டு அகராதியும் இவ்வழியே நடந்தது. பத்தாண்டில் முடியும் என்று 1879இல் ஒப்பந்தமானது. 1884இல் வந்த முதற்பகுதி ‘ஆண்ட்’ என்னும் சொல்லோடு நின்றது. நிறைவுற்றது 1928இல், ஜேம்ஸ் மரே அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு பகுதியும் வெளிவந்தபோது வாங்கியவர்கள் அவரது உழைப்பைக் கண்ணால் கண்டார்கள்.

3. மென்பொருள் உலகின் வாக்குறுதிகள்

அச்சு நூலில் பகுதி பகுதியாகத் தருவது எளிது. மென்பொருளில் பாதி முடிந்த வசதியைக் காட்டுவது கடினம். அதனால் அங்கே அறிவிப்பே பொருளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோசை அறிவித்தது 1983 நவம்பரில். அது கடைக்கு வந்தது 1985 நவம்பரில். அறிவிப்போடு நின்றுவிடும் பண்டங்களை ‘வேப்பர்வேர்’, அதாவது நீராவிச் சரக்கு, என்று கேலி செய்யும் வழக்கம் அக்காலத்தில் பரவியது. பெரிய நிறுவனம் அந்தக் கேலியைத் தாங்கிக்கொள்ளும். சிறு நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை.

முன்கூட்டிச் சொல்வதிலும் ஆபத்து உண்டு. 1981இல் கையில் தூக்கிச் செல்லத்தக்க கணினியை விற்றுப் புகழ்பெற்ற ஆஸ்போர்ன் நிறுவனம், அடுத்த கணினியைப் பற்றி 1983இன் தொடக்கத்தில் பேசத் தொடங்கியது. கடைக்காரர்கள் பழைய கணினியை வாங்குவதைக் குறைத்தார்கள் என்பர். அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலாயிற்று. அதன் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டென்று ஆய்ந்தோர் காட்டுவர். எனினும் சொன்னால் இருப்புச் சரக்கு தேங்கும், சொல்லாவிட்டால் வாங்குவோர் விலகுவர் என்னும் இக்கட்டு உண்மையானது. சிறு நிறுவனத்தாரைக் குறைகூறும் முன் அதை நாம் உணர வேண்டும்.

4. எழுத்துருக்களின் காலம்

இப்போது தமிழுக்கு வருவோம். 1980களிலும் 1990களிலும் தமிழைக் கணினியில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் தனியாட்கள். கனடாவில் சீனிவாசனின் ஆதமி, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன், நம் நாட்டில் முத்து நெடுமாறனின் முரசு என்று அந்த முயற்சிகள் வளர்ந்தன. ஒவ்வொருவரும் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண் வைத்துக்கொண்டனர். ஒருவர் மென்பொருளில் எழுதியது மற்றவர் கணினியில் குறிகளின் குப்பையாகத் தெரியும். ஆகவே ஒரு மென்பொருளை வாங்கியவர் பணத்தை மட்டும் ஒப்படைக்கவில்லை. தாம் எழுதிய அனைத்தையும் அந்த நிறுவனத்தின் ஆயுளோடு பிணைத்துக்கொண்டார்.

இச்சிக்கலைத் தீர்க்க உலகத் தமிழர் கூடினர். 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் நடந்தன. திஸ்கி என்னும் குறியேற்றம் ஆர்வலர்களால் உருவாயிற்று. டாம், டாப் என்பவற்றைத் தமிழ்நாட்டரசு ஏற்றது. 2000இல் உத்தமம் அமைப்பு பிறந்தது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 வெளியாகும்வரை பெரும்பாலோர் அதைத் தம் மேசைக் கணினியில் பயன்படுத்தும் நிலை இல்லை. ஏறத்தாழ ஒன்பதாண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் தமிழரைத் தாங்கியவர்கள் அச்சிறு ஆக்குநர்களே.

5. காத்திருந்த கதை

எங்களுக்கு வாக்களித்த அகரவரிசை ஏன் வரவில்லை? ஓராண்டுக்குப் பின் அந்நிறுவனத்து இளைஞர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டார், ‘எளிது என்று நினைத்துவிட்டோம், ஐயா’ என்றார். தாளும் எழுதுகோலும் கேட்டு வாங்கி விளக்கினார். அவர்களது எழுத்துருவில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்னும் மூன்று குறிகளாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருந்தது. கணினி முதலில் கொம்பைப் பார்க்கும். ஆகவே கொம்பில் தொடங்கும் சொற்களெல்லாம் ககரம் தகரம் பாராமல் ஓரிடத்தில் குவிந்துவிடும்.

நம் பிள்ளைகள் முதல் வகுப்பில் கற்கும் நெடுங்கணக்கு கணினிக்கு எவ்வளவு அரிது என்பதை அன்று உணர்ந்தேன். யூனிகோடு வந்தபின்னும் இது முழுதும் தீரவில்லை. அதில் நகரத்தை அடுத்து னகரமும் ரகரத்தை அடுத்து றகரமும் எண் பெற்றுள்ளன. புள்ளி பெற்ற மெய் அகரமேறிய உயிர்மெய்க்குப் பின்னே நிற்கிறது. நம் மரபு வரிசைக்குத் தனி விதிகள் எழுதியாக வேண்டும்.

அன்று மாலை நானும் அவருமாக எழுத்துகளின் வரிசையை ஒரு முழுத்தாளில் எழுதினோம். ‘எப்போது முடியும்?’ என்று கேட்டேன். ‘நாள் சொல்ல எனக்குத் துணிவில்லை. உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களை மட்டும் வரிசைப்படுத்த இரண்டு மாதத்தில் செய்து தருகிறேன்’ என்றார். பத்து வாரத்தில் நெகிழ்வட்டு வந்தது. அகரம் முதல் ஔகாரம்வரை வரிசை சரியாக நின்றது. அதன்பின் நாங்கள் அவரைத் தொலைபேசியில் துரத்தவில்லை.

இக்கதைக்கு மகிழ்ச்சியான முடிவு இல்லை. மெய்யெழுத்து வரிசை வரும் முன்பே நிறுவனம் மூடப்பட்டது. மூடுமுன் அவ்விளைஞர் தங்கள் எழுத்துருவின் எண் அட்டவணையை முழுதும் அச்சிட்டு எங்களுக்குக் கொடுத்தார். அந்த அட்டவணை இருந்ததால்தான் பிற்பாடு எங்கள் சொற்றொகுதியை யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. வாக்களித்த வசதியை அவர் தரவில்லை. ஆயினும் இன்றும் அவர் ஏதேனும் செய்து விற்றால் நான் வாங்குவேன்.

எங்கள் பங்கையும் சொல்லியாக வேண்டும். பணம் கொடுத்து வாங்கியவர் பன்னிரண்டு பேர். பயன்படுத்தியவர் நாற்பதுக்குக் குறையார். வட்டைப் படியெடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். தமிழுக்குச் செய்யும் தொண்டு என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தோம். வசதி தாமதமாகிறது என்று சினந்த எங்களில் எவரும், அந்த மூவர் எதை உண்டு வேலை செய்வார்கள் என்று கேட்டதில்லை. வாங்கிய பன்னிருவரில் இருவர் முதல் ஆண்டிலேயே சலித்து மலாயில் தட்டச்சு செய்யப் போய்விட்டனர். அவர்கள் திரும்பவில்லை.

6. நாணயம்

பினாங்கு வீதியில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த காலத்தில் ‘தவணை’ என்பது நாள்தோறும் புழங்கிய சொல். குறித்த காலத்துக்கு வைக்கும் பணத்துக்கும் அக்காலத்துக்கும் அதுவே பெயர். ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கும் தமிழில் இரு பொருள் உண்டு: ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. தவணை தப்பினாலும் நேரில் வந்து காரணம் சொல்லி, கையில் உள்ளதைக் கொடுத்துப் புதுத் தவணை கேட்பவரை நாணயஸ்தர் என்றே ஊரார் சொல்வர். முகம் மறைப்பவருக்கு அப்பெயர் கிடைப்பதில்லை.

மேலே கண்ட வரலாறுகள் எனக்கு உணர்த்துவதும் இதுவே. தாமதத்தைப் பேரகராதியின் வாசகர் பொறுத்தனர், நாங்களும் பொறுத்தோம். பொறுக்கச் செய்தவை மூன்று: பொறுப்பேற்கும் ஒரு முகம், இடைக்காலத்தில் கைக்கு வரும் ஒரு பகுதி, வாக்கு நிறைவேறாமற் போனாலும் நம் எழுத்து நம்மிடமே திரும்பும் வழி. மூன்றாவதை நாங்கள் வாங்கும்போது கேட்கவில்லை. இன்று பள்ளிக்கு மென்பொருளோ செயலியோ வாங்கும் ஆசிரியர்கள் அதை முதலிலேயே கேட்க வேண்டுகிறேன்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை தமிழுக்கு மென்பொருள் செய்யக்கூடும். உங்கள் அறிவிப்பில் ‘விரைவில் வரும்’ என்று எழுத நேர்ந்தால் ஒரு கணம் நில்லுங்கள். அதைத் ‘தருவோம்’ என்று மாற்றிப் பாருங்கள். அப்படி எழுதக் கை தயங்கினால், அந்த வசதியை இன்னும் அறிவிக்க வேண்டா.