எல்லைக் காவலும் தகவல் உரிமையும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அரசுக் கோப்புகளைக் குடிமக்களுக்குத் திறந்துவிட்ட அச்சட்டமே, 24-ஆவது பிரிவின் வழியாகச் சில அமைப்புகளுக்கு விலக்கும் அளித்தது. அவற்றைப் பட்டியலிடும் இரண்டாம் அட்டவணையில், எல்லைப் பாதுகாப்புப் படை, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை ஆகியவற்றுடன், கடத்தலைத் தடுக்கும் வருவாய்ப் புலனாய்வு இயக்ககமும் இடம்பெற்றுள்ளது.

நில எல்லையிலிருந்து வெகுதொலைவில் உள்ள சிவகாசியையும் இந்த அட்டவணை தொடுகிறது. உரிமம் இன்றிப் பட்டாசுகளை இறக்குமதி செய்ய இயலாது. ஆயினும், வேறு சரக்கு என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்த சீனப் பட்டாசுகளை இந்த இயக்ககம் 2025-இலும் பறிமுதல் செய்தது. அவ்வழக்குகள் எப்படி முடிந்தன, சரக்கு முறையாக அழிக்கப்பட்டதா என்பவை, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைத் தொழிலாளர்களின் பிழைப்பைச் சார்ந்த கேள்விகள்.

விலக்கு முழுமையானதன்று. ஊழல், மனித உரிமை மீறல் குறித்த குற்றச்சாட்டுகள் தொடர்பான தகவல்களை இந்த அமைப்புகளும் தர வேண்டும். மனித உரிமை மீறல் எனில், மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலுடன் 45 நாள்களுக்குள் தரப்பட வேண்டும்.

விலக்குப் பெற்ற அமைப்புகள் மத்திய அரசுக்கு அளிக்கும் தகவல்களுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால், சுங்கத் துறையோ, வெடிபொருள் உரிமங்களை வழங்கும் ‘பெசோ’ அமைப்போ அட்டவணையில் இல்லை. சுங்கத் துறை தானே பிறப்பிக்கும் ஆணைகளையும் ‘பெசோ’வின் உரிம விவரங்களையும் 10 ரூபாய்க் கட்டணத்துடன் கேட்கலாம்; 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும்.

நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவல்களையும், விசாரணைக்கு இடையூறாகும் தகவல்களையும் மறுக்க 8-ஆவது பிரிவு ஏற்கெனவே இடமளிக்கிறது. மறைக்க வேண்டிய பகுதியை நீக்கி எஞ்சியதைத் தர 10-ஆவது பிரிவு வழிசெய்கிறது. இவ்விரண்டும் இருக்க, முடிந்துபோன வழக்கின் கோப்பையும் மூடிவைக்க ஒட்டுமொத்த விலக்கு எதற்கு? உளவு சொன்னவரின் பெயர் காக்கப்பட வேண்டியதே. பிடிபட்ட சரக்கின் எடையும், அது அழிக்கப்பட்ட நாளும், விதிக்கப்பட்ட அபராதமும் இரகசியங்கள் அல்ல. துறைமுகவாரியாக அவற்றை ஆண்டுதோறும் வெளியிடுவதால் எல்லைக் காவல் தளராது. அதன் மீதான நம்பிக்கையே வலுப்பெறும்.